மிசுவா, ஒயுவா?

கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கும் நீரைத் திருகோணமலையில் சுடுதண்ணி என்கிறோம். ஜப்பான் மொழியில் தண்ணீருக்கு 'மிசு' என்று பெயர். ஆனால் மிசு என்றாலே சூடில்லாத நீர்தான். சூடேறிவிட்டால் அது 'ஒயு'. 'சூடான மிசு' என்று சொன்னால் கேட்பவருக்கு இடறும். கன்னியா போன்ற ஊற்றுக்கோ 'ஒன்சென்' என்று தனிச்சொல்லே இருக்கிறது.

தனித்திறன் தொழிலாளரை அனுப்ப இலங்கையும் ஜப்பானும் 2019இல் உடன்பட்டன. முதியோர் பராமரிப்பும் கடற்றொழிலும் அந்தத் திட்டத்தில் உள்ள துறைகள். அந்த வேலைக்குப் போக நினைக்கும் எங்கள் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட சொல் வேறுபாடு வெறும் பரீட்சைக் கேள்வியல்ல. குளிப்பாட்டும்போது ஒரு முதியவர் 'சமுய்' என்றால் அவருக்கு உடம்பு குளிர்கிறது. துவாயால் போர்த்த வேண்டும். 'ட்சுமெதாய்' என்றால் மேலே பட்ட நீர் குளிர்கிறது. குழாயைத் திருப்ப வேண்டும். நாம் இரண்டுக்கும் 'குளிருது' என்றே சொல்லிவிடுவோம்.

கொடுப்பதைச் சொல்லும் சொற்கள்தான் மிகவும் சிக்கலானவை. தமிழருக்குச் சுவையானவையும் அவைதான். எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் கொடுத்தால் 'குரெரு'. நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. இந்த மாதிரிப் பிரிவு நமக்குப் புதிதல்ல. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே வகுத்திருக்கிறது. 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு' என்று இன்றும் பேசுகிறோம். இந்த உறவைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதியில் கவனம் வேண்டும், கோடு விழும் இடம் வேறு என்பதால். 'உனக்குத் தாறன்' என்பதில் தமிழ் 'தா'வை எடுக்கிறது. ஜப்பான் மொழி அங்கே அகெருவைத்தான் எடுக்கும். 'டீச்சர் என் தம்பிக்குப் புத்தகம் கொடுத்தா' என்பது தமிழில் படர்க்கை. அங்கே தம்பி என் வீட்டுப் பிள்ளை, ஆகவே குரெரு. டீச்சருக்கு மரியாதை சேர்த்தால் 'குதசரு'. தமிழ் இலக்கணம் பேசுபவரையும் கேட்பவரையும் ஒரு பக்கம் வைக்கிறது. ஜப்பான் மொழியின் இலக்கணம் வீட்டாரையும் வெளியாரையும் பிரிக்கிறது.

இதில் பராமரிப்பாளர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வினையோடு அகெருவைச் சேர்த்து 'நான் உங்களுக்குச் செய்து தருகிறேன்' என்று முதியவரிடம் சொன்னால், உபகாரம் செய்வதாகத் தொனிக்கும். அன்போடு சொன்னாலும் அவர் மனம் சுருங்கக்கூடும். 'செய்கிறேன்' என்று பணிவான வடிவில் சொல்வதே போதும்.

ஆகவே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கொப்பியில் ஒரு சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச்சொல்லை மட்டும் எழுதி வைக்காதீர்கள். யார், யாருக்கு, எந்த இடத்தில் என்பதோடு முழு வசனமாக எழுதுங்கள்.