"கதை என்னப்பு?"
'காதலிக்க நேரமில்லை' படமும் மேலூர்ப் பக்கத்து ரசிகர்களும்

மதுரையில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு, விடிந்ததும் பஸ் பிடித்து மேலூரில் வந்து இறங்கியவரிடம் அந்த நாளில் ஊரார் கேட்ட முதற் கேள்வி, படம் நன்றாக இருக்கிறதா என்பதல்ல. "கதை என்னப்பு?" என்பதுதான்! முப்பது கிலோ மீட்டர் பஸ் செலவும் டிக்கெட் செலவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? போய் வந்தவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் ரீலிலிருந்து 'சுபம்' வரை கதையைச் சொல்லியாக வேண்டும். கேட்டவர்கள் அங்கேயே தீர்ப்புக் கூறிவிடுவார்கள். பெரியாறு வாய்க்கால் பாய்ச்சலில் அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது மதுரைக்குப் போவதா, அல்லது படம் டூரிங் கொட்டகைக்கு வரட்டும் என்று காத்திருப்பதா என்பது அந்தத் தீர்ப்பைப் பொறுத்தது.

பெண்களிடம் வேறோர் அளவுகோல் இருந்தது. எவ்வளவு அழ வைத்தது என்று பார்ப்பார்கள். முந்தானை நனைந்தால் நல்ல படம். நனையாவிட்டால் காசுக்குக் கேடு. இந்த அளவுகோலுக்குத் தாராளமாகக் கண்ணீர் அளந்து கொடுத்தவர்களுள் டைரக்டர் ஸ்ரீதரும் ஒருவர். 1959-இல் 'கல்யாணப் பரிசு', 1962-இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று தியாகமும் ஏக்கமுமாக நெஞ்சைப் பிழிந்தவர் அவர்.

அதே ஸ்ரீதர் 1964 பிப்ரவரி 27 அன்று 'காதலிக்க நேரமில்லை' என்ற படத்தைத் திரைக்குக் கொண்டு வந்தார். ஒரு சாவு இல்லை. ஒரு தியாகம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. அந்த ஆண்டுப் பொங்கலுக்குத்தான் எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்கார'னும் சிவாஜியின் 'கர்ண'னும் ஒரே நாளில் வெளிவந்து, ரசிகர்கள் இரு கட்சியாய் நின்றார்கள். இந்தப் படத்திலோ இருவருமே இல்லை! கதாநாயகன் ரவிச்சந்திரன் புது முகம். மலாயாவில் பிறந்து திருச்சிக்குப் படிக்க வந்த வாலிபர். காஞ்சனா விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். பிற்காலத்தில் பெயர் பெற்ற இவ்விருவரையும் அன்று மேலூரில் யாருக்குத் தெரியும்?

கதை என்று கேட்டால் நாலு வரிதான். தேயிலைத் தோட்ட முதலாளி விசுவநாதனுக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோகன் முதலாளி வீட்டெதிரே கூடாரம் போட்டு நியாயம் கேட்கிறான். அவர் பெண்ணையே காதலிக்கிறான். அவளைக் கைப்பிடிக்கத் தன்னைக் கோடீசுவரர் மகன் என்று புளுகுகிறான். புளுகை மெய்யாக்க நண்பன் வாசு கிழவர் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறான். வந்த இடத்தில், அவனுடைய காதலியே அந்த வீட்டின் இன்னொரு பெண்ணாக நிற்கிறாள். இதைச் சொல்லி முடிக்க அரை கிளாஸ் டீ போதும். "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெரியவர்களின் ஆட்சேபணை இன்னும் பலமானது. கடற்கரையில் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடிப் பாடுவதும், அப்பனுக்கு எதிரே பெண்கள் துடுக்காகப் பேசுவதும் குடும்பத்துக்கு அடுக்குமா? மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், பெண் பிறந்த அன்றே முறை மாப்பிள்ளை யார் என்று பேச்சு எழுந்துவிடும். தாய்மாமன் உரிமை என்பது பத்திரத்தில் எழுதாத பாத்தியதை. 'காதல்' என்ற சொல்லைத் தகப்பனார் காதுபடச் சொல்ல ஆண் பிள்ளைக்கே துணிச்சல் வராது. அப்படிப்பட்ட சீமையில் இந்தப் படத்துக்குக் குடும்பத்தோடு போய், தகப்பனும் மகளும் ஒரே கொட்டகையில் சிரித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் வேண்டுமல்லவா?

காரணத்தின் பெயர் டி.எஸ். பாலையா. 1936-இல் வந்த 'சதி லீலாவதி' காலத்திலிருந்து வில்லனாகப் பயமுறுத்திய மனிதர், இதில் பணத்தாசை பிடித்த தகப்பன் விசுவநாதனாக வருகிறார். நேற்றுவரை அசோகன் அவருக்கு 'அவன்', 'இவன்'. பெரிய இடத்துப் பிள்ளை என்று காதில் விழுந்ததும் மரியாதை பொங்குகிறது. கோடீசுவரராக வந்து நிற்கும் 'தந்தை'யிடம் பேசும்போது, 'மகன்' என்று சொன்னால் மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று பயந்து, 'மகர்' ஆக்கிவிடுகிறார்! இலக்கணத்தில் இல்லாத அந்த ஒரு 'ர்' விகுதிக்குக் கொட்டகை அதிர்ந்தது. அதிராமல் என்ன செய்யும்? பெண் பார்க்கும் இடத்திலும் பஞ்சாயத்துத் திண்ணையிலும், எதிராளியின் நிலபுலனைக் கேட்டதும் நாக்கு வளைகிற பெரிய மனிதரை ஒவ்வோர் ஊரும் பார்த்திருக்கிறது. வாய்விட்டுச் சிரிக்கத்தான் அதுவரை இடம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் காதலுக்குக் குறுக்கே நிற்பது பணம் ஒன்றுதான். சாதிப் பிரச்னை படத்தில் எழுவதே இல்லை. எழுந்திருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். பணம் குறுக்கே நின்றால் கோடீசுவரர் வேஷம் போட்டுத் தாண்டிவிடலாம். சாதியைத் தாண்ட எந்த வேஷமும் உதவாது என்பது கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். 'அது பணக்கார வீட்டு விவகாரம்' என்று ஒதுக்கி வைத்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்கள். ஆழியாறு அணைப் பக்கத்துப் பங்களாவும், ஈஸ்ட்மென் கலர் பச்சையும், வின்சென்ட்டின் காமிராவும் அந்த வீட்டை இன்னும் எட்டாத தூரத்தில் வைத்தன. இதைப் படத்தின் குறை என்பதா, சாமர்த்தியம் என்பதா? இரண்டும்தான்.

இனி நாகேஷ். விசுவநாதனின் புத்திரன் செல்லப்பா, 'ஓகோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி தொடங்கிவிட்டுப் பணத்துக்கு அப்பாவைச் சுற்றுகிறான். கதாநாயகிக்கு மீனலோசனி என்ற பெயர் தயார், அது சச்சு. பால ஒளவையாராக 1953-இல் பக்தி பரவச் செய்த அதே சச்சுதான்! கதை என்ன என்று அப்பா கேட்கிறார். செல்லப்பா ஒரு திகில் கதை சொல்கிறான். பேய் இல்லை, இருட்டு இல்லை, பட்டப்பகல். கதவு கிறீச்சிடுவதும் காலடி நடப்பதும் நாகேஷின் வாயிலிருந்து வருகின்றன. அதைக் கேட்கக் கேட்கப் பாலையாவின் முகம் அலட்சியத்திலிருந்து ஆவலுக்கும், ஆவலிலிருந்து பீதிக்கும் இறங்குகிறது. படத்தைப் பற்றி எவரிடம் கேட்டாலும் முதலில் வருவது இந்தக் காட்சிதான். சொல்பவன் கெட்டிக்காரனா, கேட்பவர் கெட்டிக்காரரா என்று ரசிகர்கள் போட்ட வாதம் இன்றும் முடியவில்லை. நாகேஷுக்குக் கைதட்டல் அதிகம் என்றாலும், கேட்டே நடித்தவர் பாலையா என்ற கட்சிக்கே வயதானவர்கள் பெரும்பாலும் ஓட்டளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயப்பட ஆள் இல்லாவிட்டால் பேய்க்கதை ஏது?

டீக்கடைக்கும் இங்கேதான் பிழைக்க வழி பிறந்தது. கதையைச் சொல்லி ஒப்பேற்ற முடியாத படத்தை நடித்துக் காட்டலாம் அல்லவா? சொல்கிறவர் நாகேஷ் ஆனார். எதிர்ப் பெஞ்சுக்காரர் தம்மை அறியாமலே பாலையா ஆனார்.

டூரிங் கொட்டகைக்கு இத்தகைய படம் வெகு பொருத்தம். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்ற அடிக்கடி இடைவேளை விடுவார்கள். அழுகைப் படமானால் பாதிக் கண்ணீரில் விளக்கு எரிந்து, முறுக்குக்காரன் குரல் கேட்டு, சோகம் கலைந்துவிடும். சிரிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மணல் தரையில் குந்தியிருந்தவர்கள் இடைவேளையிலும் சிரித்துக்கொண்டிருக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியிலும், முந்தானை அன்று வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. சிரிப்பை மறைக்க!

படம் வெள்ளி விழா கண்டது. 1965-இல் தெலுங்குக்கும், 1966-இல் ஸ்ரீதரின் டைரக்ஷனிலேயே 'பியார் கியே ஜா' என்று இந்திக்கும் போயிற்று. இந்தியில் நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத், பாலையா வேடத்தில் ஓம் பிரகாஷ். மெஹ்மூதுக்கு நகைச்சுவைக்கான பிலிம்பேர் விருதும் கிடைத்தது. கதை கேட்டுப் பயப்படும் தகப்பன் வடக்கேயும் செல்லுபடியானார்.

பாலையா 1972-இல் மறைந்தார். ஸ்ரீதர் 2008-இலும், நாகேஷ் 2009-இலும். டூரிங் கொட்டகைகளும் போய்விட்டன. பேரப்பிள்ளைகள் இப்போது அந்தக் காட்சியை மட்டும் கத்தரித்துக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். முழுக் கதை என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கேட்டால், அவர் கதையைச் சொல்வதில்லை. காலைச் சற்றுத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, பாலையா மாதிரி முழித்துக் காட்டுகிறார்.