காட்டோரம் – 9: யாரையும் கேட்காமல் மாறிய காடு

திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையில் அய்யலூர் என்றதும் லாரி ஓட்டுநர்களுக்கு வண்டிக் கருப்பணசாமி நினைவுக்கு வருவார். ஆடு வளர்ப்பவர்களுக்கு வியாழக்கிழமைச் சந்தை. தீபாவளிக்கு முந்தைய வாரம் விடியுமுன்பே போனால்தான் உள்ளே கால் வைக்க இடம் கிடைக்கும். வெள்ளாடு, செம்மறி, நாட்டுக்கோழி எல்லாம் அங்கே கைமாறும். மழை அளவாகப் பெய்கிற இந்தச் சீமையில் தக்காளி விலை விழுந்தாலும், கடலை காய்ந்தாலும், கல்யாணச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுப்பது பட்டியில் நிற்கும் நாலு ஆடுதான்.

அந்த ஆடு எங்கே மேய்கிறது? சாலையில் நின்று பார்த்தாலே விடை தெரியும். ஊருக்குப் பின்னால் கரடு கரடாக எழுந்து நிற்கிறது முள்காடு. வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கத்துச் சமவெளி முடிந்து, மலைகள் வளையமாகச் சூழ்ந்த கடவூர்ப் பள்ளத்தாக்கு தொடங்கும் இடம் அது. அந்தக் காட்டின் சட்டப் பெயர் 2022 அக்டோபரில் மாறியது. அப்படி மாறிய விதத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

2022 அக்டோபர் 12 அன்று தமிழக அரசு, இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயத்தை அறிவித்தது. பரப்பு 11,806 ஹெக்டேர். திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டத்திலும் இருந்த காப்புக்காடுகள் இதில் சேர்ந்தன. கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று பெயர். அறிவிப்பு வந்த நாளில் நான் மகிழ்ந்தேன், இன்றும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. ஒரு சாண் உடம்பும் பெரிய கண்களும் கொண்ட அந்த இரவுப் பிராணி, கண்ணில் பட்டாலே ஆகாது என்ற நம்பிக்கையாலும், மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் என்று பிடிக்கப்பட்டும் ஏராளமாக அழிந்தது. சாலையில் அடிபட்டுச் செத்தவையும் உண்டு. புலிக்கும் யானைக்கும் கிடைக்கிற பெருமை அதற்குக் கிடைத்ததே இல்லை. அதற்கென்று ஒரு காடு ஒதுக்கியது நல்ல காரியம்.

ஆனால் அதே ஆண்டின் மார்ச் மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மாதத் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழகத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மாநிலம் முழுவதும் மேய்ச்சல்காரர்கள் பதறிப்போனார்கள். சில நாட்களிலேயே நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தியது. தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமே தடை என்றது. அய்யலூர்ப் பக்கத்துக் காடு அப்போது வெறும் காப்புக்காடு, ஆகவே தப்பித்தது. ஏழு மாதம் கழித்து அதே காடு சரணாலயம் ஆனது. மார்ச்சில் விலகிய தடையின் வரம்புக்குள் அக்டோபரில் வந்து விழுந்தது. இடையில் காடு ஓர் அடி நகரவில்லை, ஆடும் மேய்ச்சல் பாதையை மாற்றவில்லை.

இந்த மாற்றத்துக்கு முன் ஊரைக் கேட்டிருக்க வேண்டாமா? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்கத்தான் சொல்கிறது. சரணாலயம் அமைக்க எண்ணம் இருப்பதாக 18ஆம் பிரிவில் முதலில் அறிவிக்க வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும். உள்ளூர் மொழியில் அறிவிப்பு ஒட்டி, இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து, உரிமை கோருபவர்களிடம் மனு வாங்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, சில உரிமைகள் தொடரட்டும் என்று ஆட்சியர் அனுமதிக்கவும் 24ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நிதானமான, நியாயமான ஏற்பாடு.

ஆனால் அதே சட்டத்தில் 26-ஏ பிரிவுக்கு இரண்டு வாசல்கள். முதல் வாசல் நான் மேலே சொன்ன விசாரணையெல்லாம் முடிந்த நிலத்துக்கு. இரண்டாவது வாசல் ஏற்கெனவே காப்புக்காடாக இருக்கும் நிலத்துக்கு. அங்கே விசாரணை தேவையில்லை. எல்லை குறித்து அரசிதழில் வெளியிட்டால் போதும். தேவாங்கு சரணாலயம் இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் வந்தது. சட்டப்படி அதில் பிழை இல்லை. காப்புக்காடாக ஆக்கியபோதே மக்களின் உரிமைகள் விசாரித்து முடிக்கப்பட்டுவிட்டன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

எப்போது முடிக்கப்பட்டன? எந்தச் சட்டத்தில்? 1882ஆம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டத்தில். இன்று அதற்குத் தமிழ்நாடு வனச் சட்டம் என்று பெயர். வெள்ளைக்கார அரசின் நிலத்தீர்வு அதிகாரி முன் எழுதப் படிக்கத் தெரியாத ஆட்டுக்காரர் எத்தனை பேர் வந்து நின்று உரிமை கேட்டிருப்பார்கள்? கேட்காதவருக்கு உரிமை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி மேய்ச்சல் சீட்டு கொடுத்தார்கள். உரிமையாக இருந்தது சலுகையாயிற்று. சலுகை என்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வட்டாரம் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. மாகாணம் முழுவதும் இதே கதைதான். மாட்டைப் பவுண்டில் அடைப்பது, அபராதம், பாரஸ்ட் கார்டுக்குக் கையூட்டு என்று புகார்கள் குவிந்ததால், 1912–13இல் அரசே ஒரு வனக் குழு அமைத்து ஊர் ஊராக விசாரித்தது. அதன் பயனாகச் சில மேய்ச்சல் காடுகள் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடப்பட்டன. குறை கேட்டால் தீர்வு பிறக்கும் என்பது அந்நிய ஆட்சியிலேயே ஒருமுறை நடந்து காட்டிய விஷயம். சுதந்திர நாட்டில், கிராம சபை என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கும்போது, அதைவிடக் குறைவாக நாம் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

வனத்துறையின் பக்க நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளாடு குருத்தை விடாது. தொரட்டியால் கிளையை வளைத்துக் குழை ஒடிக்கிற பழக்கம் மரத்தை மொட்டையாக்கும். புதுப்புல் முளைக்கட்டும் என்று கோடையில் சிலர் தீ வைப்பதும் உண்டு, அந்தத் தீயில் முதலில் சாவது தேவாங்கு போல மெதுவாக நகரும் உயிர்கள்தான். இத்தனை பெரிய காட்டைக் காவல் காக்க ஒரு சில கார்டுகளே இருக்கும் நிலையில், மொத்தமாகத் தடை என்பது அதிகாரிக்கு எளிதான வழி.

எளிதான வழி தேவாங்கைக் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி. தேவாங்கு தரையில் நடந்து பழகியது அல்ல. கிளைக்குக் கிளை கைமாற்றி நகரும் பிராணி, கிளைகள் தொடர்ந்து பின்னிக் கிடக்க வேண்டும். பூச்சிதான் அதன் முக்கியமான தீனி. ஆகவே அது காப்புக்காட்டு எல்லைக் கல்லோடு நின்றுகொள்வதில்லை. காட்டை ஒட்டிய தோட்டங்களின் உயிர்வேலி, கிளுவையும் கள்ளியும் கருவேலும் பின்னிய பழைய வேலி, அதற்கு வீடு, பாதை, இரைக்களம் எல்லாம். பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தின்பதால் இது உழவனுக்கு நண்பன் என்று சரணாலயத்தை அறிவித்தபோது அரசும் சொன்னது. அந்த உயிர்வேலி அரசுடைய சொத்து அல்ல, ஆட்டுக்காரருடைய, தக்காளி போடுகிறவருடைய சொத்து. நாளைக்கு அவர் மனம் கசந்து வேலியை வெட்டிவிட்டுக் கம்பி கட்டினால் எந்தச் சட்டமும் தடுக்காது. தேவாங்குக்கு அதுதான் பெரிய இழப்பு. காட்டோரத்து மனிதரின் நல்லெண்ணம் இல்லாமல் இந்தச் சரணாலயம் பாதிதான் வேலை செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நல்லெண்ணத்தைக் கெடுப்பது மேய்ச்சல் தடை மட்டுமல்ல. நத்தம், சிறுமலை அடிவாரங்களில் இரவில் காட்டுமாடு இறங்குகிறது. சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தும் போகிறது. காட்டுப்பன்றி கடலைச் செடியையும் மக்காச்சோளத்தையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அரசு ஓர் அறிவிப்பு செய்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. விலங்கியல் கோணத்தில் இது புரிகிறது. ஆனால் பன்றி அதிகம் நுழைவது காட்டை ஒட்டிய வயலில்தானே? யாருக்குச் சேதம் அதிகமோ அவருக்கு நிவாரண மனு எழுதுவது தவிர வேறு வழி இல்லை. வி.ஏ.ஓ., வேளாண் அலுவலர், வனவர் என்று மூன்று இடம் அலைந்து, புகைப்படம் எடுத்து, சிட்டா அடங்கல் நகல் வைத்து, பணம் வருவதற்குள் அடுத்த போகமும் முடிந்துவிடும். குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் சிட்டாவே இருக்காது.

இன்னொன்று. 2021 நவம்பரில் அரசு, காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கல் குவாரி கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக்காடுகளை நீக்கியது. தேவாங்கு அறிவிப்பு வந்து இரண்டே மாதம். கரடுகளை ஜல்லியாக்கும் குவாரிகள் திண்டுக்கல், கரூர் இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. இதில் ஊர்க்காரருக்கு ஒரு செய்தி இருக்கிறது. சரணாலயம் ஆனதால்தான் கடவூர்க் காட்டைச் சுற்றி அந்த 1 கிலோமீட்டர்த் தடை நிற்கிறது. கிணற்று நீரும் கரடும் பிழைத்ததில் சரணாலயத்துக்குப் பங்கு உண்டு. இதை வனத்துறை கிராமங்களில் எடுத்துச் சொல்லியிருந்தால் பாதி மனக்கசப்பு தீர்ந்திருக்கும். குவாரிக்கு விதி இளகும், ஆட்டுக்கு இளகாது என்ற எண்ணமே இப்போது ஊரில் நிலைத்திருக்கிறது, அந்த எண்ணத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இதே கசப்பை வேறொரு கண்டத்தில் அனுபவித்தவர்கள் உண்டு. போர்ச்சுகலின் வடகோடி மலைகளில் ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலங்களுக்குப் ‘பால்டியோ’ என்று பெயர். சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி 1938இல் காடு வளர்ப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த நிலங்களில் பைன் மரங்களை நட்டது. இடையர்கள் அபராதம் கட்டினார்கள், மந்தை சிறுத்தது, இளைஞர்கள் பிழைப்பு தேடி வெளிநாடு போனார்கள். இந்தக் கொடுமையை 1958இல் நாவலாக எழுதிய அக்கிலினோ ரிபெய்ரோ மீது அரசு வழக்குப் போட்டது. 1971இல் அதே மலைகளில் பெனெடா-ஜெரஸ் தேசியப் பூங்கா வந்தது. அந்த நாட்டின் ஒரே தேசியப் பூங்கா அது. சர்வாதிகாரம் 1974இல் விழுந்த பிறகு, 1976இல் ஒரு சட்டம் பால்டியோ நிலங்களை ஊராரிடமே திருப்பிக் கொடுத்தது. ஊர்ச்சபை தேர்ந்தெடுக்கும் குழு தனியாக நிர்வகிக்கலாம், அல்லது அரசோடு சேர்ந்து நிர்வகிக்கலாம் என்றது. பூங்காவும் தொடர்கிறது, மாடும் மேய்கிறது. ஓநாய் அடித்த ஆட்டுக்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1988 சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் தாமதமாக வருகிறது, லிஸ்பனில் உட்கார்ந்து எங்கள் மலையை ஆள்கிறார்கள் என்ற புகார் அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பேச ஒரு சபை இருக்கிறது, நிலத்தின் மேல் ஓர் உரிமைப் பத்திரம் இருக்கிறது.

நமக்கும் வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக, 3(1)(ஈ) பிரிவில் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. சரணாலயத்துக்கும் அது பொருந்தும். பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றுகளில் ஒன்றாக ஏற்க விதி இடம் தருகிறது. பழைய மேய்ச்சல் சீட்டு, காட்டுக்குள் இருக்கும் கோயில், ஆடு இறங்கும் தண்ணீர்த் துறை எல்லாமே சான்றுதான். கம்பளத்தார் சமூகத்தினர் சாமி மாடுகளை ஓடவிட்டு, முதலில் வரும் மாட்டுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கும் மாலை தாண்டும் விழா இந்தப் பகுதியில் இன்றும் நடக்கிறது. அந்த மந்தைகள் எந்தக் காட்டில் மேய்ந்து வளர்ந்தன என்று யாரும் இதுவரை எழுதி வைக்கவில்லையென்றால், அதை எழுதத் தொடங்க இதுவே நேரம். தமிழகத்தில் இந்தச் சட்டத்தின்படி பட்டா கொடுப்பதை 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை முடக்கியது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு ஆண்டு வீணாயிற்று, அதற்குப் பிறகும் சமவெளிக் கிராமங்களுக்கு இந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

வனவிலங்குச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் சரணாலய மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையைக் கலந்தே தயாரிக்க வேண்டும் என்கிறது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ தலைமைக் காப்பாளருக்கு 33ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஒழுங்குபடுத்துவதும் அந்த அதிகாரத்தில் அடக்கம். எந்தக் கரட்டில் எந்த மாதம், எத்தனை தலை, எங்கே கூடவே கூடாது என்று ஊரோடு உட்கார்ந்து முடிவு செய்ய முடியும். நீதிமன்றத் தடையைத் தளர்த்தக் கேட்பதாக இருந்தாலும், இப்படி ஊரும் துறையும் சேர்ந்து வரைந்த திட்டத்தோடு போனால்தான் காது கொடுத்துக் கேட்பார்கள். 33-பி பிரிவின்படி ஆலோசனைக் குழுவில் தொகுதி எம்.எல்.ஏ.வும் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூவரும் இருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருவராவது பட்டியில் ஆடு வைத்திருப்பவராக இருக்கட்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சரணாலயத்தைத் தொடும் ஒவ்வொரு ஊராட்சியும் அடுத்த கூட்டத்திலேயே இரண்டு தீர்மானம் போடலாம். ஒன்று, மேலாண்மைத் திட்டத்தின் தமிழ் நகலை எங்கள் முன் வையுங்கள். இரண்டு, மேய்ச்சல் உரிமைக் கோரிக்கையை எழுதி வாங்க வன உரிமைக் குழு அமையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். பேரூராட்சிக்குள் வரும் அய்யலூருக்குக் கிராம சபை இல்லை. அங்குள்ள ஆட்டுக்காரர்கள் பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து மனு கொடுப்பதே இப்போதைக்கு வழி.

அடுத்த வாரம் பழநி மலையடிவாரத்துக்குப் போவோம். 2013இல் கொடைக்கானல் சரணாலயம் வந்த பிறகு ஆயக்குடிக் கொய்யாத் தோட்டங்களில் யானையும் உழவனும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)