ஈரோடு ஜங்ஷனும் நம் சரக்கும்

பவானி ஜமக்காளமும், சென்னிமலைப் போர்வையும், ஈரோட்டு மஞ்சளும் நம் சங்கத்தாருக்குப் புதியன அல்ல. அவை வெளியூர்ச் சந்தைகளை அடைந்த வழியைப் பற்றியோ நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈரோடு ஜங்ஷன் வழியாகச் சென்றவை அவற்றுள் மிகுதி. நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அந்நிலையத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவது, இன்று நம் சரக்கை எவ்வாறு அனுப்புவது என்னும் கேள்விக்கும் உதவும் எனக் கருதுகிறோம்.

சென்னை ரெயில்வே கம்பெனியார் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தம் முதற் பாதையைத் திறந்தனர். அப்பாதை மேற்கே வளர்ந்து, சேலத்தைக் கடந்து, காவிரியைப் பாலத்தால் தாண்டி, 1862இல் ஈரோட்டை அடைந்தது. அவ்வாண்டிலேயே மேலைக் கடற்கரையோடும் இணைந்தது. கீழைக் கடற்கரையிலிருந்தோ வேறொரு கம்பெனி வந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரெயில்வேயார், திருச்சிராப்பள்ளி, கரூர், கொடுமுடி எனக் காவிரிக் கரையை ஒட்டியே பாதையிட்டு, 1868இல் ஈரோடு வந்து சேர்ந்தனர். அன்று முதல் ஈரோடு ஜங்ஷன் ஆயிற்று.

இரு பாதைகளும் 5 அடி 6 அங்குல அகலத்தில் இருந்தவரை தொல்லையில்லை. 1870களில், சிக்கனம் கருதித் திருச்சிப் பாதை மீட்டர் அளவுக்குக் குறுக்கப்பட்டது. சிக்கனம் கம்பெனிக்கு, சுமை ஈரோட்டுக்கு! கரூர்ப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு மூட்டையும் இங்கே சிறு வண்டியிலிருந்து இறக்கப்பட்டுப் பெரு வண்டியில் ஏற்றப்பட வேண்டியதாயிற்று. எதிர்த்திசையில் செல்லும் சரக்குக்கும் அதே கதி. மூட்டைக்கு இரட்டைக் கூலி, நாட்கணக்கில் தாமதம், கைமாறும்போதெல்லாம் சேதம் என்று வணிகர் அனுபவித்தவற்றை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1908இல் மேற்குப் பாதையும் தென்னிந்திய ரெயில்வேயிடம் வந்து, இரண்டும் ஒரே நிருவாகத்தின் கீழ் அமைந்தன. ஆயினும் அகலம் உடனே ஒன்றாகிவிடவில்லை. திருச்சிப் பாதை மீண்டும் அகலமாக்கப்பட்ட பின்னரே ஈரோட்டில் மூட்டை மாற்றும் வேலை ஒழிந்தது. ஒரே நாட்டில் இருவகைப் பாதை இட்டதன் செலவை உழவனும் நெசவாளியுமே கொடுத்தனர் என்பது நம் எண்ணம்.

1951இல் தென்னக ரெயில்வே உருவானது. பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்த ஈரோடு, 2007 நவம்பர் முதல் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது.

இந்நிலையத்தில் இன்றும் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. சேலம் பாதையும் கரூர்ப் பாதையும் நிலையத்தின் ஒரே பக்கத்தில் வந்து கூடுகின்றன. ஆதலால் சேலத்திலிருந்து ஈரோடு வழியாகக் கரூர் செல்லும் வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்ட வேண்டும். முன்பெட்டி பின்பெட்டியாகும், புதிதாகப் பயணம் செய்வோர் வண்டி வந்த வழியே திரும்புகிறதோ என்று திகைப்பதுண்டு. அந்த நேரத்தில் தேநீர் அருந்தலாம், தண்ணீர் பிடிக்கலாம். தொலைதூர வண்டிகளின் பெட்டிகளுக்கும் இங்கே நீர் நிரப்பப்படுகிறது. டீசல் எஞ்சின்களுக்கும் மின் எஞ்சின்களுக்கும் உரிய பெரிய கொட்டகைகள் இங்குள்ளன; அவற்றை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்கள் பல.

பயணிகளுக்கு இத்தனை வசதி இருக்க, சரக்கின் நிலை வேறு. முற்காலத்தில் பத்து மூட்டை வைத்திருப்பவரும் சரக்குக் கொட்டகைக்குச் சென்று பதிவு செய்யலாம். பின்னர் சில்லறைச் சரக்கு படிப்படியாக நிறுத்தப்பட்டு, முழு ரயிலையும் நிரப்பக்கூடியவர்க்கே சரக்கு வண்டி என்றாகிவிட்டது. உரத்துக்கும் தானியத்துக்கும் அது பொருந்தும். ஐந்து பேல் போர்வை வைத்துள்ள நெசவாளர் சங்கத்துக்கு எஞ்சியிருப்பது பார்சல் அலுவலகமும் லாரியுமே.

லாரியைக் குறை கூற நாம் முன்வரவில்லை. அது தறிக்கூடத்தின் வாயிலுக்கே வருகிறது. பவானியிலிருந்து ஜங்ஷனுக்கு 15 கிலோமீட்டர் எவ்வாறாயினும் வண்டி வைத்தாக வேண்டும். சத்தியமங்கலம் வழியாகச் சாமராஜநகருக்குப் பாதையிடும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டும் நிறைவேறவில்லை. இடையிலுள்ள காடு 2013இல் புலிகள் காப்பகமாயிற்று. காட்டைக் காப்பது நியாயமே. எனினும் கோபிசெட்டிபாளையத்தின் வாழைக்கும் மஞ்சளுக்கும் ஜங்ஷன் தொலைவிலேயே நிற்கிறது.

பார்சல் அனுப்பும் சங்கங்கள் ஒன்றைக் கருத வேண்டும். வழியில் சில நிமிடம் மட்டும் நிற்கும் வண்டியில், அந்த நிமிடங்களுக்குள் ஏறக்கூடியது மட்டுமே ஏறும். மிகுந்தது மேடையில் காத்திருக்கும். ஈரோட்டிலிருந்தே இரவில் சென்னைக்குப் புறப்படும் ஏற்காடு விரைவு வண்டி போன்றவற்றில் அந்நெருக்கடி குறைவு. சென்னிமலையிலும் பவானியிலும் உள்ள சங்கங்கள் தனித்தனியே வண்டி பிடிக்காமல், ஒரே நாளில் பேல்களைச் சேர்த்து ஒரே வாடகையில் ஜங்ஷனுக்குக் கொண்டுவரலாகாதா? கட்டணத்தை விசாரித்து, லாரி வாடகையோடு ஒப்பிட்டு, அடுத்த நிருவாகக் குழுக் கூட்டத்தில் இதனை வைக்குமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.