சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு, அக்கா எப்படி உள்ளே போறது?

இன்னிக்கு எபிசோட் எங்க ஊர் காரைக்கால்மேட்டுல, கரையில ஏலம் போற வெள்ளை இறால்ல இருந்து ஆரம்பிக்குது.

அந்த இறாலோட ஜீனோமை சென்னை சிபா நிறுவன விஞ்ஞானிகள் 2022-ல் வெளியிட்டாங்க. சுமார் 193 கோடி எழுத்துகள். சீக்வென்சிங் மெஷின் இதை வரிசையா தராது. ஒரே புத்தகத்தோட பல பிரதிகளைக் கிழிச்சுக் கோணியில கொட்டின மாதிரி துண்டு துண்டாத்தான் தரும். அதைச் சேர்த்து ஒட்டுறதுதான் அசெம்ப்ளி. இறால்ல கிட்டத்தட்ட பாதி ஜீனோம் திரும்பத் திரும்ப வர்ற பகுதி. எந்தத் துண்டு எங்கேனு குழப்பம். லேப்டாப் ரேம் இதுக்குத் தாங்காது.

பெரிய மெஷின் நம்ம பக்கத்துலயே இருக்கு. திருச்சி என்.ஐ.டி.யில 2022 மே மாசம் தொடங்கின 'பரம் பொருள்', நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு போடும். அப்ப பிரச்சினை என்ன? வாசல்தான்.

எங்க பெரியப்பா பொண்ணு இறால் நோய் பத்தி பிஎச்டி பண்றாங்க. அவங்களுக்கு ஒரு கிளஸ்டர்ல அக்கவுன்ட் கிடைச்சது. உள்ளே போனா கறுப்புத் திரை, லினக்ஸ் கமாண்ட். லாகின் நோட்ங்கிறது வரவேற்பறை மாதிரி. வேலையை அங்கேயே ஓட்டக் கூடாது. ஸ்லர்ம்ங்கிற மென்பொருள்கிட்ட எத்தனை கோர், எவ்வளவு ரேம், எத்தனை மணி நேரம்னு எழுதிக் கொடுத்து வரிசையில நிக்கணும். கூடக் கேட்டா காத்திருப்பு நீளும். குறைச்சுக் கேட்டா பாதியில வேலையை நிறுத்திடும்.

நான் பெருமையா ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு மாசம் ஓடுச்சு. அப்புறம் டேட்டா பெருசாச்சு, ரேம் பத்தல, ஜாப் செத்துப்போச்சு. நான் ரிலீஸ் வேலையில மூழ்கியிருந்தேன். அக்காவுக்கு மூணு வாரம் வீண். மாத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. "தம்பி, அந்த வரி எதுன்னாவது சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. எனக்குப் பதில் இல்லை.

இந்த வாசலை லேசாக்க 2005-லயே வந்தது கேலக்ஸி. பிரவுசர்ல ஃபைலை ஏத்தி, டூலைத் தேர்ந்தெடுத்தா போதும். பின்னாடி கிளஸ்டர்ல அதுவே ஓட்டிக்கும். எந்த டூல், எந்த வெர்ஷன், என்ன செட்டிங்னு எல்லாம் பதிவாகும். ஆறு மாசம் கழிச்சும் அதே வேலையைத் திரும்பச் செய்யலாம். ஆராய்ச்சிக்கு உயிரே அதுதானே! இலவசம்தான், ஆனா பொது சர்வர்ல இடத்துக்கு வரம்பு உண்டு. பெரிய அசெம்ப்ளிக்கு மறுபடி கிளஸ்டர் வாசலுக்குத்தான் வரணும்.

அதனால தீபாவளி லீவுல அக்காகூட உட்கார்ந்தேன். கோர், ரேம், நேரம், வரிசையைப் பார்க்கிறது, பிழைச் செய்தியைப் படிக்கிறது, இந்த அஞ்சு மட்டும். ஒரு சாயங்காலம் போதுமா இருந்துச்சு. இப்ப அவங்க லேப்ல ஜூனியர்களுக்கு அவங்களே சொல்லித் தர்றாங்க.

உங்களுக்குக் கோடிங் தெரியுமா? பயாலஜி படிக்கிற ஃபிரெண்ட் ஸ்கிரிப்ட் கேட்டா எழுதிக் கொடுங்க. ஆனா எந்த வரியை எப்ப மாத்தணும்னும் சொல்லிட்டு வாங்க.