சர்க்கரையை உடைக்கும் நொதிகள்

அடுக்களைப் புட்டியில் உள்ள சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறது. காற்றுப் பட்டாலும் அது எரிவதில்லை. எரிக்க நெருப்பு வேண்டும். அதே சர்க்கரை உண்ணப்பட்டுக் குளுக்கோசாக மாறியபின், 37 டிகிரி செல்சியஸ் வெப்பமே உள்ள நம் செல்களில் நொடிதோறும் சிதைந்து ஆற்றல் தருகிறது. நெருப்பின்றி இஃது எவ்வாறு நிகழ்கிறது?

சர்க்கரை ஆல்கஹாலாக நொதிப்பதற்கு உயிருள்ள செல் இன்றியமையாதது என்பது லூயி பாஸ்டரின் கருத்து. ஜெர்மானிய வேதியியலர் எடுவர்ட் புக்னர், ஈஸ்ட் செல்களை மணலுடன் அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். அது கெடாதிருக்கச் சர்க்கரை சேர்க்கப்பட்டது. பழத்தைப் பாகிலிட்டுக் காப்பது போன்ற எளிய உத்திதான். ஆனால், சாற்றில் குமிழிகள் எழுந்தன. கரியமில வாயு வெளிப்பட்டது. உயிரற்ற சாறு சர்க்கரையை உடைத்துக்கொண்டிருந்தது! 1897இல் வெளியான இக்கண்டுபிடிப்பு, 1907இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. சாற்றில் இருந்தவை நொதிகள். நொதித்தலைச் செய்வதால் நொதி என்பது தமிழ்ப்பெயர். ‘ஈஸ்ட்டுக்குள் இருப்பது’ என்பதே அதன் கிரேக்கப் பெயருக்கும் பொருள்.

நொதி ஆற்றல் தருகிறது என்று விடைத்தாள்களில் எழுதுவோர் பலர். அது பிழை. ஆற்றல் சர்க்கரையிலேயே உள்ளது. அது வெளிப்படக் கடக்க வேண்டிய தடையே கிளர்வு ஆற்றல். அத்தடையின் உயரத்தைத் தாழ்த்துவது மட்டுமே நொதியின் பணி. வினை முடிந்ததும் நொதி மாறாமல் மீள்கிறது. அடுத்த மூலக்கூறை ஏற்கிறது.

சைட்டோபிளாசத்தில் நடைபெறும் கிளைக்காலிசிஸ் பத்துப் படிகளைக் கொண்டது. படிக்கு ஒரு நொதி. முதல் நொதியாகிய ஹெக்சோகைனேஸ், குளுக்கோசு தன் கிளர்வு மையத்தில் அமர்ந்ததும், பொருளைப் பற்றிய கை மடங்குவதுபோல் மூடிக்கொண்டு அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மின்சுமை பெற்ற அக்குளுக்கோசு செல்லைவிட்டு வெளியேற இயலாது. மூன்றாம் படியில் உள்ள பாஸ்போபிரக்டோகைனேஸ் மதகு போன்றது: செல்லில் ஏடிபி மிகுந்தால் வேகம் குறைகிறது, குறைந்தால் மிகுகிறது. தேவையறிந்து திறக்கும் மதகு! பின்னர் ஆறு கார்பன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து, இறுதியில் இரு பைருவிக் அமில மூலக்கூறுகள் உருவாகின்றன. தொடக்கத்தில் இரண்டு ஏடிபி செலவாகிறது. பின்னர் நான்கு கிடைக்கிறது. நிகர வரவு இரண்டே.

இரண்டுதானே என எண்ண வேண்டா. முதிர்ந்த சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. அவற்றிற்கு இவ்வரவன்றி வேறு வாழ்வில்லை. பத்தாம் நொதியாகிய பைருவேட் கைனேஸ் சிலருக்குப் பிறவியிலேயே குறைபட்டிருக்கும். அவர்தம் குருதியில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. எனினும், ஏறத்தாழ 120 நாள்கள் வாழவேண்டிய சிவப்பணுக்கள் ஆற்றலின்றி முன்னரே சிதைகின்றன, இரத்தசோகை உண்டாகிறது.