குருதி கூறும் சான்று

தருக்கம் பயிலப் புகும் மாணவர்க்கு ஆசிரியர் முதலிற் காட்டும் எடுத்துக்காட்டு மலையும் புகையுமாம். மலையிற் புகை எழக் கண்டவன், தீயைக் காணாதிருந்தும், ஆண்டுத் தீ உண்டெனத் துணிகின்றான். இதனைக் கருதலளவை என்பர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்பாடத்தை யான் நடத்தி வருகின்றேன். எனினும் அதன் முழுப் பொருளை உணர்ந்தது வகுப்பறையிலன்று. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், வைத்தியசாலை விறாந்தையிலேயாம்.

அன்று நான்கு மணியளவில் என் மைத்துனர்க்கு நெஞ்சிலே பாரம் ஏற்றினாற் போன்ற நோ உண்டாயிற்று. அது இடக்கை வழியே இறங்கியது; உடல் வியர்த்தது. "வாய்வுதான்; இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துத் தாருங்கள்" என்றார். அவர் மறுத்தும் கேளாது வைத்தியசாலை சேர்த்தோம். இருதய மின்வரைவு எடுத்தனர். ஐயமறக் கூறத்தக்க மாற்றம் அதிற் காணப்படவில்லை. குருதியைச் சோதித்தனர், அதுவும் வரம்புக்குள்ளேயே இருந்தது. யான் வைத்தியரை அணுகி, "இரண்டிலும் குற்றமில்லையே, வீட்டுக்குக் கொண்டு செல்லலாமன்றோ?" என்றேன். என் மகன் வயதினராகிய அவர், "நோ தொடங்கி ஒன்றரை மணித்தியாலந்தானே, ஐயா. இன்னும் மூன்று மணித்தியாலம் செல்ல மறுபடியும் குருதி எடுத்துப் பார்ப்போம். அதுவரை இங்கேயே இருக்கட்டும்" என்றார். எனக்கு அது வீண் தாமதமாகவே பட்டது.

இரண்டாம் சோதனையில் அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. இருதயத் தசையின் ஒரு பகுதி அழிந்துகொண்டிருந்தது.

அவ்வளவு யாது என்பதைப் பின்னர் அவ்வைத்தியரிடம் கேட்டும், நூல்களிற் கற்றும் அறிந்தேன். இருதயத்தினுள்ளே எப்போதும் குருதி நிறைந்திருப்பினும், அதன் தசைக்கு வேண்டிய ஒட்சிசன் முடியுரு நாடிகள் வழியாகவே செல்கின்றது. நாடியின் உட்சுவரிற் படிந்த கொழுப்புப் படிவு வெடிப்பின், அவ்விடத்துக் குருதி உறைந்து வழியை அடைக்கும். மாரடைப்பு என்கின்றோம், உண்மையில் அடைபடுவது இந்நாடியே. அடைப்பு நீடிப்பின் அப்பாலுள்ள தசைக் கலங்கள் மாளும். அவற்றின் மென்சவ்வு சிதைய, உள்ளிருந்த புரதங்கள் கசிந்து குருதியிற் கலக்கும். தசையின் அழிவைத் தீ எனின், குருதியிற் கலந்த அப்புரதமே புகையாம்.

இப்புகையை அளந்து மாரடைப்பை அறியும் வழியை 1954ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் லடூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மன் என்னும் மூவர் காட்டினர். அவர்கள் அளந்தது ஒரு நொதியம். அந்நொதியமோ ஈரலிலும் உடற்றசையிலும் உண்டு. ஈரல் நோயுற்றாலும் அது குருதியில் உயரும். அயல் வீட்டு அடுப்புப் புகையைக் கண்டு நம் வீடு எரிகின்றது என மயங்குதற்கு அது இடந்தந்தது. பின்னர் வந்த கிரியேற்றின் கைனேசு என்னும் நொதியத்தின் எம்.பி. வகை இதனினும் சிறந்தது. ஆயினும் இருதயத்துக்கே உரியதன்று.

ஐயத்தைப் பெரிதும் குறைத்தது துரோப்போனின் என்னும் புரதம். இதனைக் கண்டவர் தோக்கியோப் பல்கலைக்கழகத்து எபாஷி. அவர் தேடியது மாரடைப்புக்குரிய சோதனையை அன்று. கல்சியம் தசையை எவ்வாறு சுருங்கச் செய்கின்றது என்பதையே ஆராய்ந்தார். 1965இல் இப்புரதம் பெயர் பெற்றது. சீ, ஐ, ரி என மூன்று உறுப்புடையது இது. அவற்றுள் ஐ, ரி என்னும் இரண்டும் இருதயத் தசையில் ஒரு வடிவும் உடற்றசையில் வேறு வடிவும் உடையன. ஆதலின் இருதயத்து வடிவைத் தனியே பிரித்தறியலாம். 1989இல் ஜேர்மனியிலே காட்டுஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இருதயத் துரோப்போனின் ரியைக் குருதியில் அளக்கும் முறையை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டிலே ஐரோப்பிய, அமெரிக்க இருதய வைத்தியச் சங்கங்கள் மாரடைப்பின் இலக்கணத்தை இப்புரதத்தை முதன்மையாகக் கொண்டு திருத்தி வகுத்தன.

இன்றைய நுண்சோதனையில், துரோப்போனின் ரிக்கு வகுத்த மேல்வரம்பு இலீற்றருக்கு 14 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு! தசை சிதைந்த சில மணித்தியாலத்துள் இவ்வளவு ஏறும். ஏறக்குறைய ஒரு நாளில் உச்சம் எய்தும். ஒரு கிழமை முதல் இரு கிழமை வரை குருதியில் நிற்கும். அது எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கொண்டு, அழிந்த தசை சிறிதோ பெரிதோ என்பதையும் ஓரளவு மதிப்பிடலாம்.

எனினும் கருதலளவையிற் பிழை நேரும் இடங்கள் உண்டு. நாட்பட்ட சிறுநீரக நோய், இருதயத் தசையழற்சி, நுரையீரல் நாடியில் அடைப்பு, குருதியிற் கிருமி பரவுதல் ஆகியவற்றிலும் துரோப்போனின் உயரும். தசை நொந்தது மெய். அதற்கு முடியுரு நாடியின் அடைப்பே காரணம் என்பது மட்டும் உறுதியன்று. ஆகவேதான் வைத்தியர் ஒரே அளவோடு அமையாது, இடையிட்டு மீண்டும் அளந்து, ஏற்றமோ இறக்கமோ உண்டா எனப் பார்க்கின்றனர். நோயின் குறிகளையும் மின்வரைவையும் அதனோடு ஒப்பிடுகின்றனர். மின்வரைவே நாடி முற்றாக அடைபட்டமையைத் தெளிவாகக் காட்டுமாயின், குருதியின் விடைக்குக் காத்திராமல் உடனே அடைப்பை நீக்க முனைவர்.

மற்றொரு பிழை யான் செய்தது. புகையுள்ள இடத்துத் தீ உண்டு என்பது துணிபு. புகை இல்லை, ஆதலின் தீயும் இல்லை என்பது துணிபன்று. பழுக்கக் காய்ந்த இரும்புண்டையிலே தீ உண்டு, புகை இல்லை. பரீட்சையில் இதனை மாற்றி எழுதிய மாணவர் எத்தனையோ பேருக்குப் புள்ளி குறைத்தவன் யான். அவ்விடியலில் அதே பிழையை, ஓர் உயிரின் பொருட்டு நின்று, யானே செய்தேன். அவ்வைத்தியர் என் சொற்கு இணங்கியிருப்பின் என் மைத்துனரை வழியிலோ வீட்டிலோ இழந்திருக்கவும் கூடும்.

அவர் பிழைத்தார். நாடியினுட் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினர். இழந்த தசை மீளவில்லை, அவ்விடம் தழும்பாயிற்று. முன்போல மிதிவண்டியில் தோட்டத்துக்குச் செல்வதில்லை. மாலையில் மெல்ல நடந்து வாசிகசாலை வரை வருகின்றார்.

நெஞ்சு நோவை வாய்வென்று வீட்டில் வைத்திராதீர்கள். வைத்தியசாலையில் முதற் குருதி குற்றமற்றது என்றபின்னும் இரண்டாவது வேண்டுமென்றால், பொறுத்திருங்கள். இதனை மாணவர்க்கும் மனையிலுள்ளார்க்கும் சொல்லி வைத்தல் ஆசிரியராகிய நம் கடனாம்.