ஹைபிரிட் வாங்கப் போறீங்களா? பெரிய தலையா, சின்னத் தலையா: கோலமாவுக் கோடு சொல்லும் பதில்

கோல்ஃப் பழக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனவர்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம் வரும். 7 அயர்ன் ஓரளவு வசப்பட்டுவிடும். 4 அயர்னை எடுத்தால் பந்து முட்டி உயரத்துக்கு மேல் எழும்பாது. ‘ஹைபிரிட் வாங்கிடு’ என்று யாராவது சொல்வார்கள். ஆன்லைனில் தேடினால் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இரண்டு ஹைபிரிட் வந்து நிற்கும். எண் ஒன்று மட்டும் வேறு. டிகிரி ஒன்றே. விலையும் கிட்டத்தட்ட ஒன்றே, புதிதாக வாங்கினால் ஐந்து இலக்கத்தில். எதை வாங்குறது?

வேப்பம்பட்டு மாதிரி புறநகரில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கனமானது. ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, மெட்ரோ பிடித்து நந்தனம் இறங்கினால்தான் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம். ஜிம்கானா கிளப்பின் மைதானம் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் அமைந்தது; அந்த ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது தனிக் கதை. அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடியிலோ வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயிற்சிக்குப் போகிறவருக்குக் கையில் இருப்பது ஒரு கூடை பந்தும் இரண்டு மணி நேரமும்தான். தப்பான மட்டையை வாங்கிவிட்டு, அதற்கேற்ப ஸ்விங்கை மாற்றிக்கொண்டு திரிய நேரம் இல்லை.

(கோல்ஃப்காரர்கள் மட்டையை ‘கிளப்’ என்பார்கள். காஸ்மோபாலிட்டன் கிளப்போடு குழம்ப வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரையில் மட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.)

ஹைபிரிட் எதற்கு?

4 அயர்ன் ஏன் கஷ்டம்? அதன் தலை மெல்லிசு, சாய்வும் குறைவு. பந்து முகத்தின் நடுவே, கொஞ்சம் கீழ்ப்பக்கமாகப் பட வேண்டும், வேகமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பந்து தரையை ஒட்டியே ஓடும். ஹைபிரிட்டின் தலை உள்ளே வெற்றிடம். எடையைக் கீழேயும் பின்னாலேயும் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் அதே 21 டிகிரி சாய்வில் பந்து இன்னும் உயரமாக எழும்பும். கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. கம்பு அயர்னைவிட நீளம், ஃபேர்வே உட்டைவிடக் குட்டை. பெயருக்கு ஏற்றபடி இரண்டுக்கும் பிறந்த கலப்பு.

‘கத்துக்குட்டிகளுக்கான மட்டை’ என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. 2004 பிரிட்டிஷ் ஓபனில் ராயல் ட்ரூனில் டாட் ஹாமில்டன், புட்டிங் கிரீனுக்கு வெளியே இருந்து ஹைபிரிட்டால் பந்தைத் தரையோடு உருட்டி உருட்டியே எர்னி எல்ஸை பிளேஆஃபில் தோற்கடித்தார். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஹேசல்டைனின் கடைசிக் குழியில், 200 யார்டுக்கு மேல் இருந்த தூரத்தை தென்கொரியாவின் ஒய்.ஈ.யாங் 3 ஹைபிரிட்டால் அடித்து, பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தோற்றவர் டைகர் வுட்ஸ். மேஜர் போட்டிகளில் மூன்றாம் நாள் முடிவில் முன்னிலையில் இருந்து அவர் தோற்றது அதுதான் முதல் முறை. நம் பக்கத்து பெங்களூரின் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அவர் நீள அடிக்காரர் அல்ல. மற்றவர்கள் குட்டை அயர்ன் எடுக்கும் இடத்தில் ஹைபிரிட்டோ ஃபேர்வே உட்டோ எடுத்தே அந்த இடம் வரை வந்தவர்.

ஒரே வரிசையில் ஏன் இரண்டு?

டைட்லிஸ்ட் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 2015-ல் வந்த 816 வரிசையில் ஹெச்1, ஹெச்2 என்று இரண்டு ஹைபிரிட். 2017-ல் வந்த 818-லும் அதே ஜோடி. பிறகு வந்த டி.எஸ்.ஆர்., ஜி.டி. வரிசைகளில் பெயர் 2, 3 என்று மாறியது; யோசனை மாறவில்லை. முதல் மட்டைக்குப் பெரிய தலை, பார்க்க ஒரு குட்டி ஃபேர்வே உட் மாதிரி இருக்கும். இரண்டாவதற்குச் சின்னத் தலை, தடித்த அயர்ன் மாதிரி இருக்கும். 19, 21, 23 டிகிரியில் 816-ன் இரண்டுமே கிடைத்தன. அதாவது, பெரியது நீளத்துக்கு, சின்னது குட்டைக்கு என்ற கணக்கே இல்லை.

கம்பெனி சொல்லும் வித்தியாசம் வேறு. தரையைப் பெருக்குவது மாதிரி மட்டையை வீசுகிறவர்களுக்குப் பெரிய தலை. மேலிருந்து செங்குத்தாக இறக்கி, புல்லைப் பெயர்க்கிறவர்களுக்குச் சின்னத் தலை. இதை விளம்பர வாசகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், உள்ளே பௌதிகம் இருக்கிறது. பெரிய தலைக்கு அடிப்பாகம் அகலம். பெருக்குகிற ஸ்விங்கில் அது தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அதையே செங்குத்தாக இறக்கினால் அகலமான அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளும், பந்தின் நடுவயிற்றில் படும். சின்னத் தலை செங்குத்தாக இறங்கும்போது சுத்தமாகப் பந்தைப் பிடிக்கும். ஆனால் வேகம் குறைந்தவர் கையில் அது பந்தைத் தாழ்வாகத்தான் அனுப்பும்.

இன்னொரு விஷயம், திசை. பின்னால் எடை அதிகமுள்ள பெரிய தலை, முகத்தை மூடிக்கொள்ள உதவும். வலக்கைக்காரர் அடிக்கும் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது என்றால் (பழக ஆரம்பித்தவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்) இந்த உதவி வரம். ஏற்கெனவே இடப்பக்கம் வளைகிறவருக்கு அதே உதவி தலைவலி. ‘ஹைபிரிட் எடுத்தாலே லெஃப்ட்ல போகுது’ என்று புலம்புகிறவர்களைப் பயிற்சி மைதானத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குச் சின்னத் தலைதான் நிம்மதி.

உங்கள் ஸ்விங் எந்த ரகம்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘நான் பெருக்குறவன்’, ‘நான் இறக்குறவன்’ என்று மனசுக்குத் தோன்றுவதும் நிஜமும் ஒன்றாக இருப்பதில்லை. பயிற்சி மைதானத்துப் பாயும் உண்மையைச் சொல்லாது. பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே மட்டை தரையில் இடித்தாலும், பாயின் மேல் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும். பந்தும் நன்றாகவே பறக்கும். பாயில் இரண்டு மட்டையையும் மாற்றி மாற்றி அடித்துவிட்டு, ‘இது சூப்பர்’ என்று முடிவெடுப்பது பாதிச் சோதனைதான்.

மீதிச் சோதனைக்கு வேப்பம்பட்டே போதும். மனைப்பிரிவு போட்டு இன்னும் வீடு எழும்பாத காலி மனைக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. கல், கண்ணாடி இல்லாத மண்ணும் புல்லுமான இடமாகப் பாருங்கள். இடத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கோலமாவை எடுத்துத் தரையில் ஆறடி நீளத்துக்கு ஒரு நேர்கோடு இழுங்கள். கோட்டை இரண்டு காலுக்கும் நடுவே, முன்காலின் பக்கம் சற்றுத் தள்ளி வருகிற மாதிரி வைத்து நில்லுங்கள். பந்து இருக்க வேண்டிய இடம் அந்தக் கோடு. பந்து வேண்டாம், பழைய 7 அயர்ன் போதும். பின்னால் குழந்தைகள், நாய் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வழக்கமான வேகத்தில் ஒரு வீச்சு. பிறகு கோட்டோடு ஓர் அடி நகர்ந்து இன்னொன்று. கோடு முடிந்தால் புதுக் கோடு போட்டுப் பத்து வீச்சு முடியுங்கள்.

இப்போது தரையைப் பாருங்கள். கோட்டிலோ அதைத் தாண்டியோ தழும்பு ஆரம்பித்து, மண் நன்றாகப் பெயர்ந்திருந்தால் நீங்கள் இறக்குகிற ரகம். மாவு மட்டும் கலைந்து, தரையில் லேசான உரசல்தான் இருக்கிறது என்றால் பெருக்குகிற ரகம். பத்தில் ஏழெட்டு ஒரே மாதிரி இருந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

தழும்பு கோட்டுக்கு முன்பே, அதாவது பின்காலின் பக்கம் ஆரம்பித்தால்? அது இரண்டு ரகமும் இல்லை. டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களுக்கு இது அதிகம் வரும். பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும் என்று பின்காலிலேயே எடையை வைத்துக்கொண்டு மட்டையை மேலே இழுப்பார்கள். கோல்ஃப் பந்தை நாம் தூக்க வேண்டியதில்லை, மட்டையின் சாய்வே தூக்கும். இந்தத் தழும்பு உள்ளவர் எந்த ஹைபிரிட் வாங்கினாலும் காசு வீண். அந்தப் பணத்தில் கோச்சிடம் நாலு வகுப்பு போனால் இப்போது இருக்கிற மட்டையே வேலை செய்யும்.

தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ரகம் தெரிந்த பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஆட்ட விதிப்படி பையில் 14 மட்டைதான் வைக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்குப் பொறுப்பு. உதாரணத்துக்கு, உங்கள் 5 அயர்ன் காற்றில் 150 யார்டு போகிறது, 3 உட் 190 போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 40 யார்டு ஓட்டை. உங்களுக்குத் தேவை 170-ல் விழும் மட்டை. கடையில் ஒன்று 170 போகிறது, இன்னொன்று 185 போகிறது என்றால் கை தானாக 185-க்குத்தான் போகும். ஆனால் 185 போகும் மட்டை 3 உட்டின் வேலையைத்தான் செய்யும். ஓட்டை அப்படியே இருக்கும்.

அதுவும் காற்றில் போன தூரத்தைக் கேளுங்கள். உருண்ட தூரம் சென்னையில் மாசத்துக்கு மாசம் மாறும். மே மாதம் கட்டாந்தரையில் பந்து பாட்டுக்கு ஓடும். தாழ்வாக வந்த பந்து கிரீனில் நிற்காமல் பின்பக்கம் போய்விழும். நவம்பர் மழையில் அதே பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து உட்காரும். இரண்டு பருவத்துக்கும் பொதுவான ஆயுதம் உயரம்தான். அதனால்தான் வேகம் சுமாராக உள்ளவர்கள் செங்குத்தாக இறக்கினாலும், சின்னத் தலையில் 19 எடுக்காமல் 23 எடுப்பது நல்லது என்பேன். ரகமே தெளிவாகத் தெரியவில்லை, பத்துத் தழும்பும் பத்து விதம் என்றால் பெரிய தலைக்குப் போங்கள். ஓரத்தில் பட்ட அடியை அது அதிகம் மன்னிக்கும். வாரம் ஒருநாள் ஆட்டக்காரருக்கு ஓர அடிதான் அதிகம்.

அந்த ஓர அடியைக் கண்டுபிடிக்க ஆபீஸ் ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்று போதும். பந்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு மட்டையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து அடியுங்கள். பொட்டு முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஹைபிரிட்டிலும் பத்துப் பத்து பந்து. எதில் பொட்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு பந்து தெறித்துப் போனதை வைத்து முடிவு செய்வதைவிட இது எவ்வளவோ மேல். துணியால் துடைத்தால் கறை போய்விடும், கடைக்காரரும் கோபிக்க மாட்டார்.

பழையது வாங்குகிறவர்களுக்கு

புதுசுக்குக் காசு கட்டுப்படியாகாதவர்கள் பத்து வருஷப் பழைய 816-ஐத் தேடுவதில் தப்பே இல்லை. தலையின் வடிவ யோசனை அப்போதே முடிவாகிவிட்டது. கவனிக்க வேண்டியது கம்பு. முதல் சொந்தக்காரர் தன் வேகத்துக்கு ஏற்ப விறைப்பான கம்பு போட்டிருப்பார். ஒரு மட்டையில் ‘எஸ்’ கம்பு, இன்னொன்றில் ‘ஆர்’ கம்பு என்றால் நீங்கள் ஒப்பிடுவது தலையை அல்ல, கம்பைத்தான். இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே டிகிரி இருக்கிற ஜோடியாகப் பார்த்து அடியுங்கள்.

கழுத்துப் பகுதியில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகி வைத்தால் சாய்வும் கோணமும் மாறும், மொத்தம் 16 விதம். பழைய சொந்தக்காரர் எதையாவது மாற்றி வைத்திருந்தால் 21 டிகிரி என்று பொறித்த மட்டை 21-ஆக இருக்காது. வலக்கைக்காரர்களுக்கான நடுநிலை ஏ1, இடக்கைக்காரர்களுக்கு டி4. முதல் பந்தை அடிப்பதற்கு முன் அதற்குத் திருப்பி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை, சின்னத் திருகாணிச் சாவி விற்பவரிடமே இருக்கும்.